ஒப்பாரி: துயரைப் பகிரும் மொழி

நுழையும்முன்

தாலாட்டும் ஒப்பாரியும் பெண்கள் படைத்த வாய்மொழி இலக்கியங்கள். முன்னது பிறப்பையும் பின்னது இறப்பையும் பாடுகின்றது. தாலாட்டிய தாயே தன் பிள்ளைக்கு ஒப்பாரி வைக்க நேர்வது துயரத்தின் உச்சம்.

கூடி அழுதல்

காவிரிப் படுகையின் நெல் விளையும் ஊர்களில் நாற்று நடவும் களையெடுப்பும் பெண்கள் கூடிச் செய்யும் தொழில்கள். வயலில் இணைந்து நின்றவர்களே இழவு வீட்டிலும் இணைகின்றனர். வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் தழுவி, ஒருத்தி அடியெடுத்துப் பாட, மற்றவர் விம்மலோடு தொடர்வர். சுடுகாடுவரை செல்லும் வழக்கம் பெண்களுக்குப் பெரும்பாலும் இல்லை. பாடை தெருமுனையைக் கடந்தவுடன் அவர்களது வழியனுப்புதல் முடிந்துவிடுகின்றது. எனவே, இறந்தவரைப் பற்றித் தம் குரலில் பேச அவர்களுக்கு வாய்த்த களம் ஒப்பாரியே.

வாழாத வாழ்வு

முதியவர் மறைந்தால் அவர் வாழ்ந்த வாழ்வைப் பாடுவர். இளையவர் மறைந்தால் வாழாத வாழ்வே பாடுபொருளாகின்றது. சூடாத மணமாலையும் கட்டாத பந்தலும் சொற்களில் எழுகின்றன. ஒரே இறப்பு, உறவுக்கேற்ப வெவ்வேறு இழப்பாகின்றது. தாய் தன் முதுமைக்குரிய துணையை இழக்கிறாள். உடன்பிறந்தவள் பிறந்தகத்திலிருந்து சீர் கொண்டுவரும் கையை இழக்கிறாள். இளம் மனைவியோ, கணவனுடன் பூவையும் பொட்டையும் மங்கல நிகழ்வுகளில் தனக்கிருந்த இடத்தையும் இழக்கிறாள். ஆறுதல் கூற வந்த அண்டை வீட்டுப் பெண்ணும், என்றோ இழந்த தன் பிள்ளையை நினைத்து அழுகிறாள். ஒரு வீட்டின் துயர் இவ்வாறு ஊரின் துயராகின்றது.

தளர்ந்த தோள்கள்

2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. ஒரு வீட்டின் துயரை ஊர் தாங்குவதே ஒப்பாரியின் இயல்பு. அன்றோ, ஒரே நாளில் பல வீடுகளில் இழவு விழுந்தது; தாங்க வேண்டிய தோள்களே தளர்ந்தன. அத்துயரத்தின் பின்னர்த் தமிழகப் பள்ளிகளில் ஓலைக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. 2014ஆம் ஆண்டு தஞ்சாவூர் நீதிமன்றம் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆண்டுதோறும் அந்நாளில் பெற்றோர் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். தனித்தனி வீடுகளின் அழுகை, பள்ளிகளின் பாதுகாப்பைக் கேட்கும் பொதுக்குரலாகவும் ஆயிற்று.

இன்று ஒப்பாரி பாடத் தெரிந்தவர் குறைந்து வருகின்றனர். நாட்டுப்புறவியல் ஆய்வாளர்கள் அப்பாடல்களைத் தொகுத்துப் பதிவுசெய்கின்றனர். பதிவுகளில் சொற்கள் நிலைக்கும்; அழுபவரின் அருகில் சென்று அமரும் பண்பை ஊரார்தாம் காத்தல் வேண்டும்.