பன்னிரண்டு குழி, ஒரு பை

உரச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்த மண்ணை நான் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டேன். மண் பரிசோதனை நிலையத்தில் 27 வருஷம் வேலை பார்த்தேன். கொண்டுவந்தவரை உட்காரவைத்து, “ஐயா, இது டி.ஏ.பி. சாக்கு. மூலையில ஒட்டியிருக்கிற நாலு குருணை போதும், உங்க வயல்ல மணிச்சத்து கொட்டிக்கிடக்குன்னு ரிசல்ட் வந்துடும். அதை நம்பி நீங்க உரத்தைக் குறைச்சா பயிர் என்னத்துக்கு ஆவும்?” என்று கேட்பேன். வெயிலில் பஸ் ஏறி வந்த மனுஷரைத் திருப்பி அனுப்புவது கஷ்டம்தான். ஆனால் தப்பான மண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன விடை சொல்ல?

ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் கணக்குப் போட்டால் சுமார் ஒன்பது லட்சம் கிலோ வரும். அதில் அரைக் கிலோ எங்களிடம் வருகிறது. நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியால் தட்டி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மணிச்சத்து பார்க்க அதிலிருந்து 5 கிராம் எடைபோடுவோம். முழு ஏக்கருக்கும் சாட்சி அந்த 5 கிராம்தான். சோடியம் பைகார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, மாலிப்டேட் கரைசல் சேர்த்ததும் மெல்ல நீலம் எழும். சத்துக் குறைந்த மண் என்றால் கண்ணாடியில் மூச்சுப் பட்ட மாதிரி ஒரு சாயல். நிறைந்த மண் என்றால் சொட்டு நீலம் விட்ட வாளித் தண்ணீர். அந்த நீலம் எவ்வளவு அடர்த்தி என்று கருவி அளந்து சொல்லும்.

ஒரு தடவை ஒரே ஊரிலிருந்து பதினான்கு பைகள் வந்தன. பதினான்கு பெயர், பதினான்கு சர்வே நம்பர். குழாய்களை வரிசையாக நிறுத்தினேன், பதினான்கிலும் ஒரே நீலம். அடுத்தடுத்த வயலில்கூட அப்படி வராது. யாரோ ஒரே வரப்போரம் வெட்டிப் பதினான்கு பைகளையும் நிரப்பிவிட்டார்கள். பதினான்கு குடும்பம் அதை நம்பி உரம் வாங்கப்போகிறதே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிகாரியிடம் காட்டினேன், பைகள் திரும்பிப் போயின.

ஊரார் மண்ணை இவ்வளவு பார்த்த நான், கூடப் பிறந்தவர் மண்ணை அவர் பயிர் கெடும்வரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அண்ணன் வயல் மன்னார்குடிப் பக்கம். ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். காவிரி தள்ளிக்கொண்டு வந்து சேர்த்த களிமண். சம்பாவுக்கு சி.ஆர். 1009 நெல் நட்ட மூன்றாவது வாரம் போன் போட்டார்.

“தங்கச்சி, பயிரு எந்திரிக்கவே மாட்டேங்குது. இலையெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி கெடக்கு. யூரியா வீசிப் பாத்துட்டேன், ஒண்ணும் கேக்கல.”

“அடியுரம் என்னண்ணே போட்டிய?”

“எப்பவும் போடறதுதான். ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., ஒரு மூட்டை பொட்டாஷ். அப்பா காலத்துலேருந்து அதானே.”

துரு என்றதுமே எனக்குத் துத்தநாகம் ஞாபகம் வந்தது. ஜிங்க் என்று கடையில் கேட்பார்களே, அதேதான். தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில் அது சுலபமாக வேருக்குக் கிடைக்காது. மணிச்சத்து மிதமிஞ்சிக் கிடந்தால் இன்னும் மோசம். துத்தநாகத்துக்காக ஏங்குகிற பயிருக்கு யூரியாவை எத்தனை மூட்டை வீசினாலும் பசி அடங்காது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து இலையில் தெளிக்கச் சொன்னேன். புது இலை பச்சையாக வந்தது, பயிர் பிழைத்தது. ஆனால் இழந்த நாட்களும் தூரும் திரும்பி வரவில்லை.

அறுவடை முடிந்ததும் மண் எடுத்துப் பார்த்தோம். துத்தநாகம் 0.7 பி.பி.எம். நம் ஊர் மண்ணுக்கு 1.2 வேண்டும். மணிச்சத்து ஹெக்டேருக்கு 38 கிலோ. 22-ஐத் தாண்டினாலே அதிகம் என்று கணக்கு. சாம்பல் சத்தும் அதிகம்தான். ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. டெல்டா நெல்லுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு ஏக்கருக்கு 20 கிலோ. மண்ணில் அதிகம் இருந்தால் அதிலும் கால்வாசியைக் குறைக்கலாம். ஆக 33 கிலோ டி.ஏ.பி. போதும், பொட்டாஷ் பாதி மூட்டை போதும். மிச்சமான காசில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் வாங்கி, 20 கிலோ மணலோடு கலந்து, கடைசிப் பரம்படித்த பிறகு நடவுக்கு முன்னால் தூவினார். டி.ஏ.பி.யோடு சேர்த்துக் கலக்கக் கூடாது என்று மட்டும் மூன்று தடவை சொன்னேன்.

இத்தனைக்கும் அண்ணன் வீட்டு அலமாரியில் மண்வள அட்டை ஒன்று இருந்தது. 2015-ல் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய திட்டம் அது. கார அமில நிலையிலிருந்து போரான் வரை பன்னிரண்டு விவரம் இருக்கும், நல்ல திட்டம். ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று வகுத்து எடுத்தார்கள். ஆறு ஏக்கர் சொச்சத்துக்கு ஒரு பை. அரை ஏக்கர்க்காரர் கையிலிருக்கும் அட்டையில் பக்கத்து வயல்காரரின் மண்தான் பேசும். அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம், உங்கள் வயலுக்கு நீங்களே ஒரு பை எடுங்கள் என்கிறேன்.

ஆனால் யூரியாவில் வரும் தழைச்சத்து வேறு ஜாதி. தண்ணீரோடு போகும், காற்றோடு போகும். மாசியில் பார்த்த கணக்கு ஐப்பசியில் நிற்காது. அதற்குப் பயிரையே கேட்க வேண்டும். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை வண்ண அட்டை இருக்கிறதே, அதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, முழுதாக விரிந்த மேல் இலையை, நம் உடம்பின் நிழலிலேயே வைத்து ஒப்பிட வேண்டும். பத்து இலையில் ஆறு, நான்காம் பட்டைக்குக் கீழே வெளிறியிருந்தால் மேலுரம் போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் பட்டைதான் எல்லை. இல்லாவிட்டால் மூட்டை கொட்டகையிலேயே இருக்கட்டும். கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கறுத்து நிற்கும் பயிரைத் தேடித்தான் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும். தென்னைக்கு 14-ஆவது மட்டை, வாழைக்கு மூன்றாவது இலை என்று சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பயிரைக் கேட்கும் முறைகளும் உண்டு.

இந்த வருஷம் உளுந்து எடுத்ததும் அண்ணனே மண்வெட்டியோடு இறங்கினார். உரம் போட்டு மூன்று மாதம் தாண்டியிருந்தது. எரு கொட்டிய இடம், வாய்க்கால் ஓரம், வேப்பமர நிழல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வளைந்து வளைந்து நடந்தார். மேல்சருகை ஒதுக்கி, வி எழுத்து மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணை வெளியே தள்ளிவிட்டு, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக இரண்டு விரல் கனத்துக்குச் சீவினார். பன்னிரண்டு இடம். தகர வாளியை நான் எடுத்துவிட்டேன், அதன் பூச்சே துத்தநாகம். பிளாஸ்டிக் வாளி கொடுத்தேன். நிழலில் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி பிரித்து, அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்தோம். பென்சிலால் சீட்டு எழுதித் துணிப்பையைக் கட்டும்போது அண்ணன் நிறுத்தினார்.

“அந்தத் தெக்குப் பள்ளத்துல எப்பவும் தண்ணி நிக்கும், பயிரும் வேற மாதிரிதான் வரும். அதையும் இதோட சேக்கலாமா?”

“கூடாதுண்ணே. தனிப் பை.”

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி இறங்கிப் போனார்.