பாதாளச் சாக்கடை எப்போது முடியும்? அலுவலகக் கோப்பிலேயே இருக்கிறது விடை

பணி 80 விழுக்காடு முடிந்துவிட்டது, எஞ்சியது விரைவில் முடியும் என்ற வகைப் பதிலைக் கேட்டுப் பழகியவர்கள் சென்னையின் மேற்குப் புறநகர் மக்கள். எதில் 80 விழுக்காடு என்பதை அந்தப் பதில் சொல்வதில்லை. செலவழித்த பணமா, பதித்த குழாயா, கடந்துபோன காலமா? இம்மூன்றும் வெவ்வேறு எண்கள். இவற்றைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தால், ஒரு திட்டம் எப்போது முடியும், எவ்வளவு விழுங்கும் என்பதை அதிகாரி சொல்வதற்கு முன்பே நம்மால் கணிக்க முடியும். அந்தக் கணக்கு முறைக்கு ஈட்டிய மதிப்பு மேலாண்மை என்று பெயர்.

பொறியாளர்களின் கணக்கு தலித் உரிமைப் போராட்டத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். கழிவுநீர்க் குழாய் வராத தெருவில் மலத்தொட்டி இருக்கிறது. அந்தத் தொட்டிக்குள் யாரை இறக்குகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 1993 முதல் பதிவான சாக்கடை மரணங்களில் தமிழ்நாடு முதலிடத்தில் இருப்பதை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த விவரங்களே காட்டியிருக்கின்றன. 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணித் தடைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஆபத்தான முறையில் சாக்கடையையும் மலத்தொட்டியையும் சுத்தம் செய்ய ஆட்களை ஈடுபடுத்துவதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 33-ஆம் பிரிவு, நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் கடமையை உள்ளாட்சி அமைப்புகள் மீது சுமத்துகிறது. மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சமாகவும், 2023 அக்டோபரில் 30 லட்சமாகவும் நிர்ணயித்தது. பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் மட்டும் இந்த இழிவு நீங்கிவிடாது. குழாய்க்குள்ளும் மனிதர்கள் சாகிறார்கள். ஆனால், திட்டம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மலத்தொட்டியின் ஆயுள் நீள்கிறது. ஆகவே, தாமதம் என்பது நமக்கு வெறும் நிர்வாகச் சிக்கல் அன்று.

எண்ணப்படும் திட்டமும் எண்ணப்படாத திட்டமும்

2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தின்கீழ் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பாதாளச் சாக்கடைத் திட்டங்கள் கிடைத்தன. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2014 மார்ச்சில் அந்த ஒன்றியத் திட்டமே முடிவுக்கு வந்தது. 2019-இல் ஆவடி மாநகராட்சியானது. நிர்வாகத்தின் பெயர்ப் பலகைகள் மாறிய வேகத்தில் வீட்டு இணைப்புகள் வரவில்லை.

பூந்தமல்லியிலோ காட்சி வேறு. கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர் நீளும் மெட்ரோவின் நான்காம் வழித்தடம் ஊரறிய எண்ணப்படுகிறது. இரண்டாம் கட்டத் திட்டம் முழுமைக்கும் 63,246 கோடி ரூபாய் செலவாகும், 2027-இல் முடியும் என்று கூறித்தான் 2024 அக்டோபர் 3 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 மார்ச்சில் பூந்தமல்லியில் சோதனை ஓட்டம் நடந்தது. கடன் கொடுத்த பன்னாட்டு வங்கிகளுக்கும் இத்திட்டம் கணக்குக் காட்டியாக வேண்டும். 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒன்றிய அரசுத் திட்டங்களின் தாமதத்தையும் கூடுதல் செலவையும் புள்ளியியல் அமைச்சகம் தொடர்ந்து தொகுத்து வெளியிடுகிறது. ஒரு வார்டின் கழிவுநீர்க் குழாய்க்கு அப்படிப்பட்ட காவலர் யாரும் இல்லை. அந்த வேலையை நாமே செய்யலாம்.

மூன்று எண்கள்

1967-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஒப்பந்ததாரர்களைக் கண்காணிக்க இம்முறையின் ஆரம்ப வடிவத்தைக் கட்டாயமாக்கியது. 2018-இல் இதற்கென ஒரு பன்னாட்டுத் தரநிலையும் வெளியானது. இதன் அடிப்படை மிக எளியது.

ஒரு வார்டில் 12 கோடி ரூபாய் மதிப்பில், 24 மாதங்களில் முடிக்கவேண்டிய ஒரு பணி நடப்பதாகக் கொள்வோம். மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வேலை என்பது திட்டம். இப்போது 12 மாதங்கள் முடிந்துவிட்டன.

இன்றைக்குள் 6 கோடி ரூபாய் மதிப்புள்ள வேலை நடந்திருக்க வேண்டும். இது திட்டமிட்ட மதிப்பு. 5 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டிருக்கிறது. இது உண்மைச் செலவு. களத்தில் முடிந்திருக்கும் வேலையை மதிப்பீட்டு விலையில் கணக்கிட்டால் 4 கோடி ரூபாய்தான் வருகிறது. இது ஈட்டிய மதிப்பு.

முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்தால், 6 கோடி செலவாகியிருக்க வேண்டிய இடத்தில் 5 கோடிதான் ஆகியிருக்கிறது, சிக்கனம் என்று தோன்றும். மூன்றாவது எண் வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. 5 கோடி கொடுத்து 4 கோடி ரூபாய்க்கான வேலையே கிடைத்திருக்கிறது. செலவுத் திறன் 4-ஐ 5-ஆல் வகுக்க 0.8. நடந்திருக்கவேண்டிய 6 கோடியில் 4 கோடிதான் நடந்திருக்கிறது. காலத் திறன் ஏறத்தாழ 0.67.

இனிக் கணிப்பு. இதே போக்கு நீடித்தால், மொத்தச் செலவு 12-ஐ 0.8-ஆல் வகுக்க 15 கோடி ரூபாய். மொத்தக் காலம் 24-ஐ 0.67-ஆல் வகுக்க ஏறத்தாழ 36 மாதங்கள். கெடுவுக்குள் முடிக்கும் அவசரத்தில் கூடுதல் ஆளும் இயந்திரமும் இறக்கினால் செலவு இன்னும் ஏறும். இரு திறன்களையும் பெருக்கி, எஞ்சிய 8 கோடியை அதனால் வகுத்து, செலவான 5 கோடியைச் சேர்த்தால் 20 கோடி வருகிறது. ஆக, 15 முதல் 20 கோடி வரை என்ற எச்சரிக்கை பாதி வழியிலேயே நம் கையில் இருக்கிறது.

ஒதுக்கிய பணத்துக்குள் முடித்துவிடுவோம் என்று அதிகாரி உறுதி கூறினால் இன்னொரு வகுத்தல் உண்டு. எஞ்சிய வேலை 8 கோடி. எஞ்சிய பணம் 7 கோடி. அப்படியானால் இனிமேல் 1.14 என்ற திறனில் வேலை நடந்தாக வேண்டும். இதுவரை 0.8-இல் நடந்த வேலை எந்த மாற்றத்தால் 1.14-க்கு உயரும் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

கணக்கு ஏமாற்றும் இடங்கள்

முதலாவது, முன்பணம். சாலையோரம் குழாய்களை இறக்கிவைத்ததற்கும் பணம் வழங்கப்படலாம். அது செலவு, ஈட்டிய மதிப்பு அன்று. மண்ணுக்குள் போய், சோதித்து, பள்ளம் மூடப்பட்ட குழாய்க்கே மதிப்பு உண்டு. மேலும், அரசு ஒப்பந்தங்கள் பலவற்றில் ஒரு மீட்டருக்கு இவ்வளவு என விலை முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதால், செலவுத் திறன் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும். கூடுதல் செலவு திருத்திய மதிப்பீட்டின் வழியாகவே உள்ளே நுழையும். அதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது, கெடு கடந்த பிறகு காலத் திறன் பொய் சொல்லும். திட்டமிட்ட மதிப்பு 12 கோடிக்கு மேல் வளராது. எனவே 34-ஆம் மாதத்தில் 11.4 கோடி ஈட்டியிருந்தால் காலத் திறன் 0.95 என்று அழகாகக் காட்டும். திட்டமோ 10 மாதம் தாமதமாகியிருக்கும். 2003-இல் வால்ட் லிப்கே இதற்கொரு மாற்று வழியை முன்வைத்தார். ஈட்டிய மதிப்பைத் திட்டப்படி எந்த மாதத்தில் எட்டியிருக்க வேண்டும் என்று பாருங்கள். 11.4 கோடியை 22.8-ஆவது மாதத்திலேயே எட்டியிருக்க வேண்டும். 22.8-ஐ 34-ஆல் வகுத்தால் அதே 0.67. உண்மை மறையவில்லை.

மூன்றாவது, கெடுவை நீட்டிவிட்டுப் புதிய கெடுவிலிருந்து கணக்கிடுவது. அப்படிச் செய்தால் தாமதம் தாளில் காணாமல் போகும். முதல் பணி ஆணையில் உள்ள கெடுவை நாம் விடக்கூடாது.

நான்காவது நமக்கு மிக முக்கியமானது. இந்தக் கணக்கு மதிப்பைப் பணத்தால் அளக்கிறது. 40 தெருக்களில் 34 தெருக்களுக்குக் குழாய் பதித்தால் 85 விழுக்காடு என்று அறிக்கை வரும். எஞ்சிய 6 தெருக்களும் காலனித் தெருக்களாக இருந்தால், அம்மக்களுக்கு அது பூச்சியம். சராசரி சாதியைக் காட்டாது. ஆகவே தெருவாரியாகக் கணக்கிட வேண்டும். பாதி வேலைக்குப் பாதி மதிப்பெண் தரக்கூடாது. வீட்டு இணைப்பு கொடுக்கப்பட்டு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைந்தால் நூறு, இல்லையேல் பூச்சியம். இந்த முறையும் ஈட்டிய மதிப்பு மேலாண்மை ஏற்றுக்கொண்டதே.

ஆவணங்களைப் பெறும் வழி

தேவையான எண்கள் யாவும் அலுவலகத்தில் உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6-ஆம் பிரிவின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் இவற்றைக் கேளுங்கள்: இனவாரியான மதிப்பீடு, பணி ஆணை, மாதவாரிப் பணித் திட்டம், பொறியாளர் அளவெடுத்துப் பதியும் எம்-புக்கின் நகல், முன்பணம் உள்ளிட்டு வழங்கிய தொகைகளின் விவரம், கால நீட்டிப்பு ஆணைகள், திருத்திய மதிப்பீடு, தாமதத்துக்காக ஒப்பந்ததாரரிடம் பிடித்த தொகை, தெருவாரியாக வீட்டு இணைப்புப் பட்டியல்.

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். 2(ஞ) பிரிவு, பணியையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடும் உரிமையைத் தருகிறது. எம்-புக்கில் பதிந்த நீளம் தெருவில் இருக்கிறதா என்று நாடா பிடித்து அளந்து பார்க்க மாணவர்களே போதும். வணிக இரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் மேலோங்கும்போது தகவலை வெளியிட வழிசெய்யும் 8(2) பிரிவைச் சுட்டி மேல்முறையீடு செய்யுங்கள்.

நீதிமன்றத்திலும் இது உதவும். அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் செயலுறுத்தும் ஆணை கேட்டுச் செல்லும்போது, தாமதம் என்ற சொல்லை எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடும். அவர்களுடைய மதிப்பீடு, எம்-புக், பில் ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்த எண்ணை மறுப்பது கடினம். கணிப்பு யாருடைய குற்றத்தையும் மெய்ப்பிக்காது. ஆனால் விளக்கம் சொல்லும் பொறுப்பை அலுவலகத்தின் பக்கம் தள்ளிவிடும்.

2024-இல் தமிழ்நாடு இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஒதுக்கிய தொகை, செலவான தொகை என்ற இரண்டோடு விவாதம் நின்றுவிடக் கூடாது. செலவான பணம் நம் தெருவில் எதை ஈட்டியது என்ற மூன்றாவது எண்ணையும் கேட்க வேண்டும். அடுத்த பகுதி சபாக் கூட்டத்திற்கு அந்த மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உங்கள் தெருவின் பெயரோடு அவை தீர்மானப் புத்தகத்தில் பதியப்படும்வரை அவையை விட்டு எழாதீர்கள்.