குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போகிறீர்களா?



சம்பளம் போட்ட வாரக் கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ போய் ஒரு வேளை சாப்பிட்டு வருவது நம் கேமரன் மலைக் குடும்பங்களின் வழக்கம். ஆறு நாள் அடுப்படியில் நின்ற தாய்க்கும் அது ஓய்வு. வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. போங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் எந்தக் கடை, எந்தச் சாப்பாடு, எவ்வளவு என்று கொஞ்சம் யோசித்துச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

காரணம் இருக்கிறது. 2019-ல் சுகாதார அமைச்சு நாடு முழுதும் எடுத்த கணக்கில், பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர்! நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை. 2023-ல் எடுத்த கணக்கில் நாடு முழுதுக்கும் ஆறில் ஒருவர் என்று வந்தது. கொஞ்சம் குறைந்தாலும் நாம் நிம்மதியாக இருக்கும் நிலை இல்லை. கண் மங்கி, சிறுநீரகம் கெட்டு, கால் புண் ஆறாமல் வேலையை விட்டவர்களை நம் லயத்திலேயே பார்த்திருக்கிறோம்.

வாழையிலைச் சாப்பாடு

தானா ராத்தா பெரிய ரோட்டில் நம்மவர் கடைகளில் கிடைக்கும் வாழையிலைச் சாப்பாடு நல்ல சாப்பாடுதான். அதை நாம் சாப்பிடுகிற விதத்தில்தான் கோளாறு. மலைபோலச் சோறு, அதன்மேல் கறிக்குழம்பு, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கரண்டி கோஸ். நாட்டுக்கே காய்கறி அனுப்புகிற மலையில் இருந்துகொண்டு, நம் இலையில் காய்கறிக்கு இடமில்லை என்றால் நியாயமா?

சுகாதார அமைச்சு 'சூக்கு சூக்கு செப்பாரு' என்று சொல்கிறதே, அதை நம் பாஷையில் 'கால், கால், அரை' என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். பரிமாறுகிறவர் இரண்டாம் தடவை வரும்போது, "தம்பி, சோறு போதும், கூட்டும் கீரையும் கொஞ்சம் வைங்க" என்று கேளுங்கள். பல கடைகளில் காய்கறியைத் திரும்பக் கேட்டால் தனிக் காசு வாங்குவதில்லை. வெட்கப்படாமல் கேளுங்கள். அப்பளமும் வறுத்த மிளகாயும் காய்கறி ஆகாது!

பிரிஞ்சாங் ஸ்டீம்போட்

இந்தக் குளிருக்குச் சுடச்சுடச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட யாருக்குத்தான் பிடிக்காது? கீரை, கோஸ், காளான், தவ்பூ என்று நம் மலை விளைச்சல் நிறைய உள்ளே போகிறது. எண்ணெயும் குறைவு. அந்த வகையில் இது நல்ல சாப்பாடு.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பச்சைக் கோழியையும் மீனையும் எடுத்துப் போட ஒரு கரண்டி, வெந்ததை எடுக்க வேறொரு கரண்டி. இரண்டையும் கலக்கக் கூடாது. கோழி உள்ளே சிவப்பில்லாமல் வேக வேண்டும். பிள்ளைகள் அவசரப்பட்டால், "கொதிக்கட்டும், இரு" என்று சொல்லுங்கள். அடுத்தது உப்பு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சூப்பும் தொட்டுக்கொள்ளும் சாஸும் உப்பு மிகுந்தவை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சட்டியின் அடிவரை சூப்பைக் குடிக்காதீர்கள்.

இரவுச் சந்தையும் ஒட்டுக்கடையும்

கண்ணெதிரே சுட்டுத் தருவது, வேகவைத்த சோளம், அப்போதே வறுத்த மீ, இவை பரவாயில்லை. சாயங்காலமே பொரித்துக் குவித்து ஆறிப்போனதை வாங்காதீர்கள். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சும்மா வெளியே இருந்தால் கிருமி பெருகும். குளிர்ப் பிரதேசம்தானே என்று அலட்சியம் வேண்டாம். மலைக் காற்றில் சோறு கெடாது என்பது தவறான எண்ணம். ஸ்ட்ராபெரி வாங்கினால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். மருந்து அடித்து வளர்க்கும் பழம் அது.

நாம் பறித்த தேயிலை

சுங்கை பாலாஸ் தேநீர்க் கடையில் கோலாலம்பூர்க்காரர்கள் உட்கார்ந்து நம் மலைச்சரிவைப் பார்த்தபடி தே குடிக்கிறார்கள். 1929 முதல் இந்த மலையில் போ தேயிலை உண்டு. அந்தக் கொழுந்தைப் பறித்த குடும்பமும் ஒரு நாள் அங்கே விருந்தாளியாக உட்காரலாம், தப்பில்லை. ஆனால் அங்கே சீனி போடாத தே குடித்துப் பாருங்கள். நம் உழைப்பின் வாசனை அப்போதுதான் தெரியும்.

டின்பாலில் ஏறக்குறையப் பாதி சீனிதான். ஒரு கிளாஸ் தே தாரிக்கில் மூன்று, நான்கு தேக்கரண்டிச் சீனி போய்விடுகிறது. நாளைக்கு ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். குளிருக்காக நாலு கிளாஸ் குடித்தால் கணக்கு என்ன ஆகும்? கடையில் "கூராங் மானிஸ்" என்று சொல்லிப் பழகுங்கள். இரண்டு மாதம் கழித்து "தே ஓ கோசோங்" கேட்க உங்கள் நாக்கே பழகிவிடும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டோடு தே குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

உட்காருமுன் பாருங்கள்

1. கடை சுத்தத்துக்குக் கொடுத்த தர அட்டை 'ஏ'யா, 'பி'யா, 'சி'யா? சுவரில் மாட்டியிருக்கும்.

2. சமைப்பவர்கள் ஏப்ரனும் தலைத்துணியும் போட்டிருக்கிறார்களா? 2009-ம் ஆண்டு உணவுச் சுத்த விதிப்படி அவர்கள் பயிற்சி பெற வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட வேண்டும்.

3. கைகழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா? மருந்து அடிக்கும் வேலை செய்தவர்கள் குளித்து, உடுப்பு மாற்றி வந்த பிறகே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

4. கடைக்குள் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா? 2019 ஜனவரி முதல் சாப்பாட்டுக் கடைகளில் அதற்குத் தடை.

எலி, கரப்பான் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். 1983-ம் ஆண்டு உணவுச் சட்டப்படி அசுத்தமான கடையை 14 நாள் வரை மூட உத்தரவிடலாம். நாம் புகார் செய்வது அடுத்த குடும்பத்தைக் காப்பாற்றும். சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறதா என்று தெரியுமா? அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குப் பார்க்கிறார்கள். இந்த மாதம் குடும்பத்தோடு டவுனுக்குப் போகும்போது, முதலில் கிளினிக், அப்புறம் சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்!