திங்கட்கிழமை வயிற்றுவலி: உங்களுக்குத் தெரியுமா?

● ஞாயிறு முழுக்க ஓடியாடிய குழந்தை, திங்கள் காலை யூனிஃபார்மைக் கண்டதும் தொப்புளைப் பிடித்துக்கொண்டு "அம்மா, வயிறு வலிக்குது" என்கிறதா? மட்டம் போட நடிக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது நிஜ வலி. பதற்றத்தில் குடலின் அசைவு மாறுகிறது. சாதாரணமாக உறைக்காத சின்ன இழுப்பும் அப்போது வலியாக உறைக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது.

● மனப் பதற்றம் ஏன் வயிற்றில் எதிரொலிக்கிறது? குடல் சுவரில் மட்டும் பத்து கோடிக்கு மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரடோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் இருப்பதும் குடலில்தான்.

● மனக்கலக்கம் வயிற்றை என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1822-ல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்கு வயிற்றில் குண்டடி. ஆள் பிழைத்தார், ஓட்டை மூடவில்லை. அதன் வழியே இரைப்பையை ஆராய்ந்த டாக்டர் வில்லியம் போமான்ட், பயத்திலும் கோபத்திலும் அதன் உட்சவ்வின் நிறமே மாறுவதை 1833-ல் எழுதினார். (வயிற்றில் ஓட்டையோடு வருஷக்கணக்கில் சோதனைக்கு உட்கார்ந்தவருக்குக் கோபம் வராமலா இருக்கும்?)

● இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜான் ஆப்லியும் நோரா நெய்ஷும் 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-ல் வெளியிட்ட முடிவு: பத்தில் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி. வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, உடல் நோயாக இருக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம் என்பது ஆப்லி சொன்ன கணக்கு. மருத்துவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் குறிப்பு இது. ஆனால் இதை மட்டும் நம்பி வீட்டிலேயே தீர்ப்பு எழுதக் கூடாது.

● "இன்னும் வலிக்குதா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் வலி கூடும்! அமெரிக்காவில் லின் வாக்கர் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி வயிற்றுவலி உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். ஆய்வாளர்கள் சொன்னபடி சில பெற்றோர் வலியைப் பற்றியே விசாரித்தார்கள். சிலர் பேச்சை மாற்றினார்கள். மற்றவர்களுக்கு எந்த யோசனையும் சொல்லவில்லை. இந்த மூன்றாவது குழுவோடு ஒப்பிட்டால், விசாரித்த இடத்தில் புலம்பல் ஏறக்குறைய இரட்டிப்பு, பேச்சு மாறிய இடத்தில் ஏறக்குறைய பாதி. பேச்சை மாற்றினால் பிள்ளைக்குக் கெடுதல் என்று வலியுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பயந்தார்கள். பேச்சு மாறியதுதான் இதமாக இருந்தது என்றார்கள் அந்தப் பிள்ளைகள். ஆகவே, ஒரு முறை கேளுங்கள், "வலிக்குதுன்னு தெரியுதுடா" என்று சொல்லுங்கள், உடனே வேறு பேச்சுக்குப் போங்கள்.

● லீவு போட்டு டிவி முன் உட்காரவைப்பது அன்றைக்கு மட்டும்தான் மருந்து. மறுநாள் பள்ளி இன்னும் பெரிய பூதமாகிவிடும்.

● "ஏன் பயப்படுற?" என்றால் சின்னக் குழந்தைக்குப் பதில் தெரியாது. "வேன்ல யார் பக்கத்துல உட்கார்ந்த?" என்று சாயங்காலம் கேட்டுப் பாருங்கள், வண்டிவண்டியாக வரும். பள்ளிக் கழிப்பறையைப் பற்றியும் கேளுங்கள். நாற்றத்துக்குப் பயந்து அடக்கி அடக்கி வந்த மலச்சிக்கலுக்கும் இதே வலிதான்.

● படுக்கவைத்து, வயிற்றின் மேல் பொம்மையை வைத்து, அது மெதுவாக ஏறி இறங்கும்படி மூச்சுவிடச் சொல்லுங்கள். வலி இல்லாத இரவுகளில் பழக்கினால்தான் வலிக்கும் காலையில் கைகொடுக்கும்.

● "குடல் ஏறிடுச்சு" என்று வயிற்றை அமுக்கி வழிக்கிற வைத்தியம் வேண்டவே வேண்டாம். உள்ளே குடல்வால் அழற்சி இருந்தால் ஆபத்து.

● தூக்கத்தில் எழுப்பும் வலி, வலப்பக்க அடிவயிற்று வலி, காய்ச்சல், ஓயாத வாந்தி, மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, சிறுநீர் எரிச்சல்: இதில் ஒன்று இருந்தாலும் பதற்றத்தின் மேல் பழி போடாமல் டாக்டரிடம் ஓடுங்கள். உடம்பில் குறையில்லை என்று அவர் சொன்ன பிறகும் பயம் விடவில்லையென்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கேட்கலாம். கட்டணம் கிடையாது.