எடை இறங்க மறுக்கும்போது

சோற்றையும் பாணையும் சீனியையும் குறைத்து உடலெடையை இறக்க முயல்வோர் இக்காலத்திற் பலராவர். முதல் இரண்டு வாரங்களில் நிறுவைக் கருவியின் முள் விரைந்து இறங்கும், உற்சாகமும் மிகும். நான்கைந்து மாதங்கள் சென்றபின் முள் ஓரிடத்தில் நின்றுவிடும். உணவு முன்போலவே உண்ணப்படுவதாகத் தோன்றும். எடை மட்டும் அசையாது. அந்நிலையில் முயற்சியைக் கைவிட்டுப் பழைய உணவுக்குத் திரும்புவோர் ஒரு சாரார். பட்டினி கிடக்கத் தலைப்படுவோர் மற்றொரு சாரார். இரண்டும் தவறான வழிகளே. முள் நின்றதன் காரணத்தை அறிந்தோர்க்கு இவ்விரு தவறுகளும் நேரா.

காபோவைதரேற்று உணவைக் குறைக்கும் முறை புதியதன்று. 1862ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் பான்டிங் என்பவர் 202 இறாத்தல் எடையுடன் அல்லலுற்றார். இறந்தோரின் ஈமச் சடங்குகளை ஒழுங்குசெய்து கொடுப்பது அவருடைய தொழில். உடல் மெலியும் பொருட்டு அவர் படகு வலித்துப் பார்த்தார், பசிதான் மிகுந்தது. பின்னர் காது மந்தமானதால் வில்லியம் ஹாவி என்னும் மருத்துவரை நாடினார். பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு முதலியவற்றை நீக்கி, இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றை உண்ணுமாறு ஹாவி பணித்தார். ஓராண்டளவில் 46 இறாத்தல் குறைந்தது. அவ்வனுபவத்தைப் பான்டிங் 1863இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். சுவீடன் நாட்டு மொழியில் உணவைக் கட்டுப்படுத்தி மெலிவதைக் குறிக்கும் 'பான்டா' என்னும் வினைச்சொல் அவர் பெயரிலிருந்தே பிறந்தது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. புகழ்பெற்ற அந்த மனிதருக்கும் சராசரியாக வாரத்துக்கு ஓர் இறாத்தலுக்கும் குறைவாகவே எடை இறங்கிற்று.

அவ்வாறாயின் முதல் வாரங்களில் மட்டும் எடை மளமளவென்று இறங்குவது ஏன்? உடல், மாப்பொருளிலிருந்து கிடைக்கும் குளுக்கோசின் ஒரு பகுதியைக் கிளைக்கோசன் என்னும் வடிவில் ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் இச்சேமிப்பு ஏறத்தாழ 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னுடன் பிணைத்து வைத்திருக்கிறது. காபோவைதரேற்று குறைந்ததும் இச்சேமிப்புச் செலவாகிறது. பிணைந்திருந்த நீரும் சிறுநீராக வெளியேறுகிறது. ஆகவே முதலில் இழக்கப்படும் எடையிற் பெரும்பகுதி நீரேயன்றிக் கொழுப்பன்று. அந்த வேகமே தொடருமென்று எண்ணுவோர் ஏமாற்றமடைவது இயல்பு.

பின்னர் எடை உண்மையாகவே நின்றுபோவதற்கு வேறு காரணங்கள் உள. உடல் சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கிறது. எண்பது கிலோகிராம் உடலைச் சுமந்து நடப்பதிலும் எழுபது கிலோகிராம் உடலைச் சுமந்து நடப்பது எளிதல்லவா? குறைந்த ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு இருபது முதல் முப்பது கலோரிவரை செலவு குறைகிறதென்று கணித்துள்ளனர். இதனினும் வலியது பசி. நீரிழிவாளர் சிலருக்கு, சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்தொன்றை ஓராண்டுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். சக்தி வெளியேறுவதை அவர்கள் உணர்ந்திலர். ஆயினும் எடை குறையக் குறைய, தம்மையறியாமலே மிகுதியாக உண்டனர். குறைந்த ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவு உணவு நாட்டம் உயர்ந்ததாக 2016இல் வெளியான அவ்வாராய்ச்சி கூறுகிறது. ஆகவே எடை நிற்பது மனவுறுதியின் குறைவால் மட்டும் நேர்வதன்று. இழந்ததை மீட்க முயல்வது உடலின் இயல்பு.

இது காபோவைதரேற்றுக் குறைந்த உணவுக்கு மட்டும் உரிய குறையுமன்று. இஸ்ரவேல் நாட்டின் டிமோனா நகரில் 322 பேர் மூவகை உணவு முறைகளை இரண்டாண்டுகள் கைக்கொண்டனர். 2008இல் வெளியான முடிவுகளின்படி மூன்று முறைகளிலும் முதல் ஆறு மாதங்களிலேயே எடை பெரிதும் குறைந்தது. அதன்பின் இறக்கம் தொடரவில்லை.

இனிச் செய்யத்தக்கது யாது? முதலாவது, எடை உண்மையில் நின்றுவிட்டதா என்று அறிதல் வேண்டும். உப்பு மிகுந்த உணவு, மலச்சிக்கல், பெண்களின் மாதவிடாய்க் காலம் ஆகியவற்றால் உடலில் நீர் கூடிக் கொழுப்பின் குறைவை மறைப்பதுண்டு. நாலைந்து வாரங்கள் எடையும் இடையின் சுற்றளவும் மாறாதிருந்தாலன்றி நின்றுவிட்டதென்று முடிவுகட்டலாகாது.

இரண்டாவது, உண்பவற்றை எழுதி வைத்தல். எவ்வளவு குறைத்து உண்டாலும் தமக்கு எடை குறைவதில்லையென்று உறுதியாக நம்பிய சிலரை நியூயோர்க் நகரில் ஆராய்ந்து, முடிவை 1992இல் வெளியிட்டனர். அவர்கள் உண்மையில் உண்டது, உண்டதாகக் கூறிய அளவினும் மிக அதிகமாயிருந்தது. உண்டவற்றுள் ஏறத்தாழப் பாதி கணக்கில் வரவேயில்லை. அவர்கள் பொய்யுரைத்தவர்களல்லர், மறதியும் மதிப்பீட்டுப் பிழையும் எல்லார்க்கும் பொதுவானவை. சோற்றை விலக்கியவர் தேங்காய்ப்பாலையும் எண்ணெயையும் கச்சானையும் அளவின்றிக் கொள்வது இங்கே அடிக்கடி காணப்படும் பிழையாகும். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. முப்பது கிராம் கச்சான், அதாவது ஒரு கைப்பிடி, ஏறத்தாழ 130 கிராம் சோற்றுக்கு ஈடாகும். காபோவைதரேற்று ஒரு கிராம் 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருகிறது. சோறு போன இடத்தைக் கொழுப்பு நிரப்பினால் கணக்கு மாறாது.

மூன்றாவது, பசியை ஆற்றும் உணவைத் தெரிந்துகொள்ளல். மீன், முட்டை, பருப்பு வகைகளின் புரதம் வயிற்றுக்கு நிறைவைத் தருவதோடு தசையையும் காக்கும். கீரையும் காய்களும் தட்டின் பாதியை நிரப்பட்டும். நான்காவது, தசைக்கு வேலை கொடுத்தல். நடையோடு, நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்தமர்தல், பாரம் தூக்குதல் போன்ற பயிற்சிகளும் வேண்டும். ஐந்தாவது, உறக்கம். உறக்கம் குறைந்தோர்க்குப் பசி மிகும். அவர்கள் இழக்கும் எடையிலும் கொழுப்பின் பங்கு குறைந்து தசையின் பங்கு கூடும்.

பட்டினி மட்டும் கூடாது. நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ, குளுக்கோசைக் குறைக்கும் சில மாத்திரைகளோ கொள்வோர், மருத்துவரைக் கேளாது சோற்றை மேலும் குறைப்பின், குருதியிற் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கமுற நேரும். உயிருக்கே இடராகவும் முடியும். சிறுநீரக நோயாளர் புரதத்தைக் கூட்டுவதும், கருவுற்ற தாய்மார் மெலிய முயல்வதும் மருத்துவரின் அறிவுரையின்றிச் செய்யத்தக்கனவல்ல.

முள் நின்ற இடம் தோல்வியின் இடந்தானா என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று. நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த 3,234 பேரைக்கொண்டு அமெரிக்காவில் நடைபெற்ற ஆராய்ச்சியொன்றின் முடிவு 2002இல் வெளிவந்தது. அதில் ஒரு பிரிவினர்க்கு விதிக்கப்பட்ட இலக்கு, உடலெடையில் 7 வீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பைக் கொள்வதுமேயாகும். அப்பிரிவில் நீரிழிவு தோன்றுவது 58 வீதம் குறைந்தது. எண்பது கிலோகிராம் எடையுள்ளவருக்கு ஏழு வீதமென்பது ஆறு கிலோகிராமுக்கும் குறைவு. அவ்வளவு இறங்கிய ஒருவர், முள் அசையவில்லையென்று மனமுடைந்து பழைய உணவுக்குத் திரும்புவாராயின், பெற்ற நன்மையையே இழப்பவராவார். மேலும் இறங்காவிடினும் மீண்டும் ஏறாது காப்பதும் வெற்றியே. அதற்கு வேண்டுவது, நாள்தோறும் கைக்கொள்ளக்கூடிய அளவான உணவும் தளராத பொறுமையுமாகும்.