காசல்ரீ நீர் யாருக்குப் போகிறது?

இலங்கையின் மலைநாட்டில் டிக்கோயாவிலிருந்து நோர்வூட்டுக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காசல்ரீ நீர்த்தேக்கம் வழித்துணை. நிறைந்தால் சுமார் 6 கோடி கனமீட்டர் நீர் கொள்ளும். அதன் கரைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டங்களிலோ, மழை பொய்த்த மாசி, பங்குனியில் மலையூற்று நீர் வரும் பீலி நூலாக இளைத்துவிடும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் பீலிக்கரையில் குடத்தோடு காத்து நிற்பார்கள். இவ்வளவு நீர் கண்முன்னே கிடந்தும் தாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஏன் வருவதில்லை என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

காசல்ரீ குடிநீருக்காகக் கட்டியதல்ல. கெசல்கமு ஓயாவை மறித்து, மின்சார உற்பத்திக்காகக் கட்டியது. இங்கிருந்து சுரங்கக் குழாய் வழியே போகும் நீர், 1965இல் தொடங்கப்பட்ட 50 மெகாவாட் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. பிறகு நோர்ட்டன்பிரிட்ஜ் அணையில் தேங்கி, பழைய லக்ஷபான மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அதற்கும் கீழே பொல்பிட்டிய மின்நிலையம். ஒரே நீர் மூன்று இடங்களில் மின்சாரமாகிறது. அதனால்தான் நீர்மட்டம் ஓரடி இறங்கினாலும் கொழும்பில் கணக்குப் பார்க்கிறார்கள்.

மின்சாரம் எடுத்த பிறகும் அதன் வேலை முடிவதில்லை. மஸ்கெலியா ஓயாவோடு கலந்து களனி கங்கையாகி ஓடும் அந்த நீரை அம்பத்தலையில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை இறைத்துச் சுத்திகரித்துக் கொழும்புக்குக் கொடுக்கிறது. வறட்சியில் ஆறு மெலிந்தால் கடலின் உப்பு நீர் அம்பத்தலைவரை ஏறப்பார்க்கும். அப்போது ஆற்றுக்குக் குறுக்கே தடுப்புப் போடுவதோடு, மேலேயுள்ள காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் விடும் நீரையும் நம்பியிருக்கிறார்கள். ஆக, டிக்கோயாவைத் தாண்டிப் போவதும் குடிநீர்தான். குடிப்பவர்கள்தான் தூரத்தில் இருக்கிறார்கள்.

லயங்களுக்கு இதையே ஏற்ற முடியாதா? முடியும், ஆனால் செலவு பெரிது. நீர்த்தேக்கம் பள்ளத்தில், லயங்கள் மேட்டில். மோட்டார் வேண்டும், சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு டிவிஷனுக்கும் குழாய் வேண்டும். தேயிலைக்குப் போடும் உரமும் களைநாசினியும் கழிவும் மழையில் வந்து சேரும் நீர் என்பதால், படிகாரத்தில் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்க்காமல் குடிக்கக்கூடாது. மலையூற்றுக்கு மோட்டார் வேண்டாம், தானே இறங்கி வரும். லயங்களுக்கு நல்ல ஊற்றுதான் பொருத்தமான வழி என்றே எனக்குப் படுகிறது. அதைக் காக்காமல் விட்டதுதான் குறை.

அந்தக் குறைக்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருந்தது. நகரத்தில் மீட்டரும் பில்லும் இருக்கின்றன, யாரிடம் முறையிடுவது என்று தெரியும். தோட்டத்தில் நிலம் அரசினுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளினுடையது, பைப் யாருடையது என்பதே வழக்கு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் பணத்தைச் செலவிட இடம் தரவில்லை. வாக்குப் போட்டவர்களுக்கே அந்தச் சபை ஒரு பீலி கட்டித்தர முடியாத நிலை, 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை நீடித்தது. முப்பது வருடம்! இதை எத்தனை முறை சொன்னாலும் ஆறாது.

இப்போது பிரதேச சபையிடம் கேட்கலாம். கேட்க வேண்டியவையும் பெரிய காரியங்கள் அல்ல: ஊற்றுக்கண்ணைச் சுற்றி வேலி, அதற்கு மேலே கழிவறையோ மாட்டுப்பட்டியோ வராதபடி ஓர் எல்லை, மூடி போட்ட தொட்டி, அதில் ஒழுங்காகக் குளோரின். தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லிப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுதிக் கொடுக்கலாம். அது நடக்கும்வரை, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு இன்னும் ஒரு நிமிடம் அடுப்பில் விட்டு இறக்குங்கள். பார்க்கத் தெளிவாக இருக்கும் பீலித் தண்ணீருக்கும் இது வேண்டும்.