மூன்று வயதில் ஓய்வு ஏன்? பந்தயக் குதிரை சொல்லும் அறிவியல்

தேக்கா பக்கம் போகும்போது ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அந்தச் சாலையில் உணவகங்கள்தாம் வரிசையாக இருக்கின்றன. பிறகு ஏன் அந்தப் பெயர்? 1843ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதல் குதிரைப் பந்தயம் அந்த வட்டாரத்தில், ஃபேரர் பார்க் திடலில் நடந்தது. பந்தயத் திடல் 1933ல் புக்கிட் தீமாவுக்கும் 1999ல் கிராஞ்சிக்கும் இடம் மாறியது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 181 ஆண்டு வரலாறு அன்றோடு நின்றது.

பந்தயத்தில் நான் ஒரு காசுகூடக் கட்டியதில்லை. கட்டும்படி உங்களிடமும் சொல்லமாட்டேன். ஆனால் குதிரை ஓடுவதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். அரை டன் எடையுள்ள ஓர் உயிர் நான்கு மெல்லிய கால்களில் காற்றாய்ப் பறப்பதைப் பார்த்தால் எந்த அறிவியல் ஆசிரியருக்கும் கேள்விகள் எழும். எனக்கு நெடுநாளாக இருக்கும் கேள்வி இது: மிகச் சிறந்த குதிரைகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஓய்வு பெற்றுவிடுகின்றன?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் எலும்பு, மரபணு, பணம் ஆகிய மூன்றையும் தொட வேண்டியிருக்கும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு நிமிடம் 24 விநாடி

பந்தயங்களில் ஓடும் குதிரை இனத்தின் பெயர் தொரோபிரெட். இங்கிலாந்தில் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் உருவான இனம் இது. இந்த இனத்தில் பலரும் முதலிடம் கொடுக்கும் குதிரை அமெரிக்காவின் செக்ரடேரியட். 1973ல் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் என்ற மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று மும்மகுடம் சூடியது. மூன்றிலும் அது படைத்த சாதனை நேரங்கள் இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

பெல்மான்ட் பந்தயத்தின் தூரம் ஒன்றரை மைல், அதாவது சுமார் 2,414 மீட்டர். செக்ரடேரியட் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 24 விநாடி. வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தால் வருவது. 2,414ஐ 144ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 16.8 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நம் சாலைகளின் பொதுவான வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முதுகில் ஒரு ஜாக்கியையும் சுமந்தபடி, இரண்டரைக் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட அந்தக் குதிரை இந்த வேகத்தில் ஓடியது.

அதே ஆண்டு இறுதியில் செக்ரடேரியட் ஓய்வு பெற்றது. வயது மூன்று. காயம் எதுவும் இல்லை. மும்மகுடப் பந்தயங்கள் தொடங்குவதற்கு முன்பே, இனப்பெருக்கத்துக்காக அதன் பங்குகள் மொத்தம் 6.08 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டிருந்தன. மூன்று வயதுக்குப் பிறகு ஓடக்கூடாது என்பது அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை.

அமெரிக்கப் பந்தய முடிவுகளை அலசிய ஆய்வு ஒன்று, தொரோபிரெட் குதிரையின் வேகம் நான்கு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் உச்சத்தை எட்டுவதாகக் கூறுகிறது. அப்படியானால் நான்கு வயதில் செக்ரடேரியட் எவ்வளவு வேகமாக ஓடியிருக்கும்? யாராலும் சொல்ல முடியாது. என்னைப் போன்ற ரசிகர்களுக்கு அது தீராத ஏக்கம்.

ஒற்றை விரலில் ஓடும் உயிர்

உங்கள் கையை மேசைமீது வைத்து, நடுவிரல் நுனி மட்டும் மேசையைத் தொடும்படி மற்ற விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள். குதிரை நிற்பது இப்படித்தான். அதன் குளம்பு நம் நடுவிரல் நகத்துக்கு இணையானது. முன்காலில் ‘முழங்கால்’ என்று நாம் நினைக்கும் மூட்டு, உண்மையில் நம் மணிக்கட்டுக்கு இணையானது.

அந்த மூட்டுக்குக் கீழே தசை கிடையாது என்றே சொல்லலாம். எலும்பும் தசைநாண்களும்தான். கால் நுனியில் எடை குறைவாக இருப்பதால் அதை வேகமாக வீசி ஓட முடிகிறது. நீண்ட தசைநாண்கள் ரப்பர் பட்டைபோல் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. கால் தரையைவிட்டு எழும்போது அந்த ஆற்றலைத் திருப்பித் தருகின்றன. மீள்விசை ஆற்றலைப் பற்றி இயற்பியல் பாடத்தில் படிப்பீர்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. முழு வேகத்தில் ஓடும்போது ஒரு முன்கால்மீது உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு விசை விழுகிறது. 500 கிலோ குதிரை என்றால் 1,250 கிலோவைத் தாங்குவதற்குச் சமம். அப்போது தசைநாண் அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகில் இழுபடுகிறது. அதன் உட்பகுதியின் வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதாக அளந்திருக்கிறார்கள். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அதனால் காயம் ஆறப் பல மாதங்கள் ஆகும். ஆறினாலும் பழைய வலிமை முழுதாகத் திரும்புவது அரிது.

எலும்பு எப்போது முதிர்கிறது?

வடகோளத்தில் எல்லாத் தொரோபிரெட் குதிரைகளுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் 1. பந்தயங்களை வயதுவாரியாகப் பிரிப்பதற்காக இந்த விதி. மே மாதம் பிறந்த குட்டி, உண்மையில் இருபது மாதம்கூட நிறையாத நிலையில் ‘இரண்டு வயது’ ஆகிவிடும். ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே வகுப்பில் படிக்கும் நம் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: குதிரைக்கு அந்தச் சில மாதங்கள் மிகப் பெரிய இடைவெளி.

இரண்டு வயதுக் குதிரைகளுக்கும் பந்தயங்கள் உண்டு. எலும்பு நீள்வது அதன் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டில். முன்கால் மூட்டுக்குச் சற்று மேலுள்ள தட்டு இரண்டு முதல் இரண்டரை வயதுவாக்கில் எலும்பாகிறது. முதுகெலும்பின் தட்டுகள் மூடுவதற்கு ஐந்து வயதுக்கு மேல் ஆகும்.

‘அப்படியென்றால் இரண்டு வயதில் ஓடவிடுவது கொடுமைதானே?’ என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். எலும்பு உயிருள்ள திசு. விழும் விசைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இளங்குதிரைகளுக்குக் குறுகிய தூர வேக ஓட்டத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் கால் எலும்பு தடித்து வலுப்படுவதைக் கண்டறிந்தார்கள்.

இரண்டு வயதிலேயே பந்தயத்தில் ஓடிய குதிரைகள் மற்றவற்றைவிட அதிக காலம் ஓடியதாகவும் சில ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். இரண்டு வயதில் ஓட முடிந்தவை தொடக்கத்திலேயே உடல் உறுதியுள்ள குதிரைகளாக இருந்திருக்கலாம் அல்லவா? சீக்கிரம் ஓடியது அவற்றை உறுதியாக்கியதா, உறுதியாக இருந்ததால் சீக்கிரம் ஓடினவா? இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் அறிவியலின் கடினமான வேலை.

ஓடுவதைவிட ஓய்வில் வருமானம்

இப்போது பணத்துக்கு வருவோம். 2018ல் ஜஸ்டிஃபை என்ற குதிரை மும்மகுடம் வென்றது. அதன் முதல் பந்தயம் பிப்ரவரி 18ஆம் தேதி. கடைசிப் பந்தயம் ஜூன் 9ஆம் தேதி. நடுவில் 111 நாள்கள். ஆறு பந்தயங்கள், ஆறும் வெற்றி. கணுக்கால் வீங்கியதால் ஜூலையில் ஓய்வு அறிவிக்கப்பட்டது. அதன் மொத்தப் பரிசுத் தொகை ஏறக்குறைய 3.8 மில்லியன் அமெரிக்க டாலர்.

மறு ஆண்டு அது பொலிகுதிரை ஆனது. பிறக்கும் ஒரு குட்டிக்குக் கட்டணம் 150,000 டாலர். புகழ்பெற்ற பொலிகுதிரை ஓராண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்குதிரைகளோடு சேர்க்கப்படும். 100 குட்டிகள் என்று வைத்துக்கொண்டால் 15 மில்லியன் டாலர். வாழ்நாளெல்லாம் ஓடிச் சம்பாதித்ததைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு, ஒரே பருவத்தில். இன்னோர் ஆண்டு ஓடவிட்டு, ஒரு தப்படியில் கால் முறிந்தால் எல்லாம் போய்விடும். உரிமையாளரின் முடிவு நமக்கு வருத்தம் தரலாம், கணக்கு புரிகிறது.

இந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. இனப்பெருக்க வருமானம் இல்லாத குதிரைகள் அதிக காலம் ஓட வேண்டும் அல்லவா? பார்ப்போம்.

பெண்குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டிதான். எனவே அவசரம் குறைவு. ஆஸ்திரேலியாவின் விங்க்ஸ் என்ற பெண்குதிரை ஏழு வயது வரை ஓடி, தொடர்ச்சியாக 33 பந்தயங்களை வென்று 2019ல் ஓய்வு பெற்றது.

காயடிக்கப்பட்ட ஆண்குதிரைக்குக் குட்டியே பிறக்காது. அமெரிக்காவின் ஜான் ஹென்றி அத்தகையது. 83 முறை ஓடி 39 முறை வென்றது. ஒன்பது வயதிலும் பெரும் பந்தயம் ஒன்றைக் கைப்பற்றியது. ஹாங்காங்கின் கோல்டன் சிக்ஸ்டி 31 ஓட்டங்களில் 26 வெற்றி பெற்று, 2024ல்தான் ஓட்டத்தை நிறுத்தியது. நம் கிராஞ்சியில் பயிற்சி பெற்ற ராக்கெட் மேன் 2011ல் துபாய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தை வென்றது. அதுவும் காயடிக்கப்பட்ட குதிரைதான். சில எடுத்துக்காட்டுகள் மட்டும் முழு நிரூபணம் ஆகா. ஆனால் அவை நம் விளக்கத்தோடு ஒத்துப்போகின்றன.

தேர்வில் கேட்கப்படாத கேள்வி

தமிழில் ‘தேர்வு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று பரீட்சை, மற்றொன்று தெரிந்தெடுத்தல். குதிரைப் பந்தயத்தில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. பந்தயம் என்பது பரீட்சை. அதில் முதலில் வருபவை அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகத் தெரிந்தெடுக்கப்படுகின்றன. உயிரியலில் இதைச் செயற்கைத் தேர்வு என்கிறோம்.

பரீட்சையில் கேட்கப்படாத பாடத்தை மாணவர்கள் படிப்பதில்லை. இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மூன்று வயதில் முடியும் பரீட்சை, ‘இளமையில் எவ்வளவு வேகம்?’ என்று கேட்கிறது. ‘ஐந்து வயது வரை கால்கள் தாங்குமா?’ என்று கேட்பதே இல்லை. கால் பலவீனமான குதிரைகூட அந்தக் குறை வெளிப்படும் முன்பே நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தந்தை ஆகிவிடலாம்.

தொரோபிரெட் வெளியிலிருந்து புது இரத்தம் சேராத இனம் என்பதால் இது இன்னும் முக்கியமாகிறது. 1791ல் தொடங்கிய இனப் பதிவேட்டில் வராத குதிரைக்கு இடமில்லை. இன்றுள்ள ஆண்குதிரைகளில் ஏறக்குறைய 95 விழுக்காட்டின் ஒய் குரோமோசோம், டார்லி அரேபியன் என்ற ஒரே குதிரையிடமிருந்து வந்தது. 2020ல் அமெரிக்காவின் ஜாக்கி கிளப், ஒரு பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு 140 பெண்குதிரைகள் மட்டுமே என்று வரம்பு விதித்தது. பண்ணைகள் வழக்குத் தொடுத்தன. 2022ல் அந்த விதி கைவிடப்பட்டது.

1960ல் அமெரிக்காவில் ஒரு குதிரை ஆண்டுக்குச் சராசரியாக 11 முறைக்கு மேல் ஓடியது. இப்போது ஆறு முறை அளவில்தான். இனப்பெருக்க முறை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பயிற்சி முறைகள், மருந்துகள், பரிசுத் தொகை எல்லாம் மாறியிருக்கின்றன. ஆனாலும் அந்தக் கேள்வியைப் பரீட்சையில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. நான்கு, ஐந்து வயதுக் குதிரைகளுக்குப் பெரும் பரிசுகள் தரலாம். பொலிகுதிரையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் குட்டிகள் எத்தனை ஆண்டு ஓடின என்பதையும் கணக்கில் எடுக்கலாம்.

மிச்சமிருக்கும் இருபது ஆண்டு

குதிரையின் ஆயுள் 25 முதல் 30 ஆண்டு. ஜான் ஹென்றி 32 வயது வரை வாழ்ந்தது. நட்சத்திரங்களுக்கு ஓய்வுக்குப் பின் பண்ணையும் பராமரிப்பும் உண்டு. பெரும்பாலான குதிரைகள் நட்சத்திரங்கள் அல்ல. நான்கைந்து வயதில் ஓட்டம் நின்றதும் அவற்றுக்குப் புது வேலையும் புது வீடும் தேட வேண்டும். கிராஞ்சியை மூடும் முடிவு 2023ல் அறிவிக்கப்பட்டபோது அங்கே ஏறக்குறைய 700 குதிரைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் போக ஓர் இடம் வேண்டியிருந்தது.

நல்ல பயிற்சி கிடைத்தால் ஓய்வு பெற்ற குதிரை சவாரிப் பள்ளியிலும் போலோ திடலிலும் வேலை செய்யும். ஓடு என்று மட்டுமே கற்பிக்கப்பட்ட குதிரைக்கு நிதானமாக நடக்கக் கற்றுக்கொடுக்கப் பல மாதப் பொறுமை வேண்டும். அதற்கான செலவைக் குதிரை பிறக்கும்போதே ஒதுக்கிவைப்பதுதான் நியாயம். ஓடும் சில ஆண்டுகளை ரசிப்பவர்கள், ஓடாத இருபது ஆண்டுகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். ரசிகர் என்ற முறையில் இதை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

செய்து பாருங்கள்

1. பள்ளித் திடலில் 100 மீட்டர் ஓடி, உங்கள் சராசரி வேகத்தைக் கணக்கிடுங்கள். செக்ரடேரியட்டின் வேகம் அதைப் போல் எத்தனை மடங்கு?

2. ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ தீவனம் தின்னும். ஐந்து வயதில் ஓய்வு பெற்று 25 வயது வரை வாழும் குதிரைக்கு மொத்தம் எத்தனை டன் தீவனம் வேண்டும்?

3. ‘நான்கு வயதுக்கு முன் எந்தக் குதிரையும் பொலிகுதிரை ஆகக்கூடாது’ என்று ஒரு விதி வந்தால் என்ன நன்மை, என்ன தீமை? காயமடைந்த குதிரையையும் உரிமையாளர் ஓடவைக்கும் ஆபத்து இருக்கிறதா? நண்பர்களுடன் விவாதித்து, இரு தரப்புக்கும் மும்மூன்று காரணங்கள் எழுதுங்கள்.